சாரத்துளை

தான் கட்டிய பாதாள அறையில் தானே குடியேற வேண்டிவரும் என்று கொத்தனார் கனவிலும் நினைக்கவில்லை. கட்டச் சொன்ன முதலாளி வந்து சேருவதற்குள் வெளியே காற்று விஷமாகிவிட்டது. உள்ளே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த கொத்தனாரும், கலவை சுமந்த அவர் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆயிற்று, பதினோரு மாதம்.

டப்பாச் சாப்பாடும் தண்ணீரும் தாராளம். காற்றுக்குத்தான் பாடு. சுவரில் ஒரு சக்கரம். கையால் சுற்றினால் வெளிக்காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் புகுந்து சுத்தமாகி வரும். நிறுத்தினால் இரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஒருவர் தூங்க ஒருவர் சுற்ற, புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

அன்று அவளுக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது.

“கையே தூக்க முடியலைங்க.”

“நீ படு. நான் யானை. பத்து நாள் சுத்துவேன்.”

யானை ஒன்றரை நாள் தாங்கியது. பிறகு சக்கரத்தின்மேல் சாய்ந்து குறட்டை விட்டது.

விழித்துக் கடிகாரத்தைப் பார்த்தால், ஒன்பது மணி நேரம் ஓடியிருந்தது. ஓடிப்போய் அவள் மூக்கருகே விரலை வைத்தார்.

“விரலை எடுங்க, கிரீஸ் நாத்தம்.”

“உசிரோட இருக்கியா!”

“உங்களைக் கட்டிக்கிட்டும் உசிரோட இருந்துட்டேன், இது என்ன பெரிசு?”

அப்படியானால் காற்று எங்கிருந்து வந்தது? அவள் சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். மாதக்கணக்காக அவள் திட்டிக்கொண்டிருந்த எறும்புகள். அந்த எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து படியேறினாள். தரைக்கு மேலே நிற்கும் வாசல் சுவரில், பூச்சு உதிர்ந்த ஓட்டைக்குள் சாரை நுழைந்தது. கையை வைத்தாள். சிலுசிலுவென்று காற்று.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். சாரம் கட்டக் கழி செருகிய துளை அது. செங்கல் வைத்து அடைக்காமல், சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைத் திணித்து மேலே பூசியிருந்தார்.

“அன்னைக்கே செங்கல்லை எடுத்து நீட்டினேன். ‘எவன் பார்க்கப் போறான்’னீங்க.”

“எறும்பு பார்க்கும்னு யாருக்குடி தெரியும்?”

“அப்போ இத்தனை மாசமா வடிகட்டாத வெளிக்காத்தைத்தான் குடிச்சிருக்கோம். ஒண்ணும் ஆகலையே!”

கொத்தனார் தாழ்ப்பாளுக்குத் தாவினார். அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“முதல்ல சாப்பாடு. ரெண்டு பேரும் சேர்ந்து.”

சக்கரம் சும்மா கிடக்க, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் அவர் கை காற்றில் இரண்டு தரம் சுழன்றது. அவளுக்குச் சிரித்துப் புரையேறியது.

“வெளிய யாராச்சும் கேட்டா, துளையை வேணும்னேதான் விட்டேன்னு சொல்லு.”

“சொல்றேன், சொல்றேன். திறங்க.”

கொத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தார். அவள் மூச்சைப் பிடிக்கவில்லை, முன்னால் நடந்தாள்.