விடுதியில் ஓர் இடம்

மூக்கண்டப்பள்ளியில் லைன் வீடுகளை இடித்தபோது கெம்பம்மாவுக்கும் மகள் கவிப்ரியாவுக்கும் போக்கிடம் இல்லாமல் போனது. புருஷனை இழந்து கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவளுக்கு வீடு தர ஒருவரும் முன்வரவில்லை. இருவரும் மேம்பாலத்தின் அடியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டார்கள்.

கவிப்ரியா ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் தூங்கி விழுந்தாள். பள்ளிக் குழாயடியில் அவள் தலை அலசுவதைப் பார்த்த பிறகுதான் சரிதா டீச்சருக்கு விஷயம் புரிந்தது.

"வீடு இல்லேன்னா படிப்பை நிறுத்தணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லம்மா" என்றார். மாற்று யூனிஃபார்ம் கொடுத்தார். கிருஷ்ணகிரிக்கு அலையாய் அலைந்து அரசு மாணவியர் விடுதியில் இடமும் வாங்கிவிட்டார்.

கெம்பம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "போ கண்ணு, நீயாச்சும் நல்லாயிரு."

கவிப்ரியாவுக்கும் ஆசைதான். ஆனால் ஒருமுறை குடிகாரன் ஒருவன் தார்ப்பாய்க்குள் நுழைந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்திருந்தான். இவள் போட்ட கூச்சலில் ஓடினான். அன்றிலிருந்து ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி விழித்திருப்பாள்.

"அம்மாவும் வரலாமா மிஸ்?"

"அது படிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்டா. அம்மாவுக்கு வேற இடம் பாக்கலாம், கொஞ்ச நாளாகும்."

"அதுவரைக்கும்?"

கவிப்ரியா விடுதிக்குப் போகவில்லை. அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

மழைக்காலத்தில் போலீஸ் பாலத்தடியைக் காலி செய்தது. தாயும் மகளும் பேரிகை ஊர்ப் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்துக்குப் போனார்கள். தங்குவதற்கு ஒரு தகர அறை, கதவோடு. ஆனால் ரெண்டு பேரும் வேலை செய்தால்தான் அறை என்றார் மேஸ்திரி.

விசாரித்து விசாரித்து சரிதா டீச்சர் அங்கேயும் வந்துவிட்டார். கவிப்ரியாவின் முள் கீறிய கைகளைப் பிடித்துக்கொண்டு, "இங்க பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. சேத்துக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. உன்னை வேலைக்கு வெச்சதே தப்பு, நான் கம்ப்ளெய்ன்ட் குடுக்கிறேன்" என்றார்.

"வேணாம் மிஸ். சொன்னீங்கன்னா ரூம் போயிடும்." கவிப்ரியா தகர அறையைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா இப்பத்தான் ராத்திரியில தூங்குறாங்க."

டீச்சரின் பிடி தளர்ந்தது. கேட்டுக்கு வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றார். யாருக்காவது போன் செய்வாரோ என்று கவிப்ரியா பயந்தபடி பார்த்திருந்தாள். உள்ளேயிருந்து மேஸ்திரி சத்தம் போட்டார். பூ ஏற்றிப்போகும் பெங்களூரு வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவள் ஓடினாள்.