மலைமுகட்டில் நாலாவது ஆள்

பனி கொட்டி ஓய்ந்த மலை சத்தம் போடாது. பனிச்சறுக்குப் பலகையை ஓர் அடி முன்னே தள்ளினால், ஏறும்போது வழுக்காமலிருக்க அடியில் ஒட்டிய ரோமப் பட்டி மெல்ல உரசும், அவ்வளவுதான். விடிய சிசிலியின் பலேர்மோ நகரத்திலிருந்து வெளிக்கிட்ட செலஸ்ரீனாவுக்கு, இந்த ஏற்றம் முழுக்கத் தான் இன்னும் நித்திரையால் எழும்பவில்லையோ என்றொரு மயக்கம். வானம் எது, நிலம் எது என்று பிரிக்கமுடியாத வெள்ளை. அதற்குள்ளிருந்து இலையுதிர்ந்த மரமொன்று மெல்ல ஊறி வெளியே வரும். தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால் மரம் இராது.

கனவுதான். ஆனால் கனவிலும் அவளுக்குக் கோபம் இருந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். மன்னாரில் அவர்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பலேர்மோவில் அந்தப் பட்டத்தை ஒருவரும் கேட்கவில்லை. நிலம் துடைக்க வருமா என்றுதான் கேட்டார்கள். சிஞ்ஞோரா, அதாவது திருமதி, லொரெதானா வீட்டில் நிலம் துடைத்தபடியே, அங்கிருந்த இருட்டறையில் பிலிம் கழுவவும் பழகினாள். சிஞ்ஞோரா மலையேறிகள் சங்கத்துக்குப் படம் எடுப்பவர். இந்தக் குளிர்காலம் ஒரு வாக்குத் தந்திருந்தார்: சங்கத்துக் கண்காட்சியில் ஒரு படம் உன்னுடையது, கீழே உன் பெயர்.

வாக்குத் தந்த மனிசி வழியெல்லாம் பிலிமைத் தானே சுட்டுத் தள்ளிவிட்டு, முகட்டுக்குக் கீழே வந்ததும் கமராவை நீட்டினார். ஒரேயொரு படம் மிச்சம்.

"நன்றி சொல்லும், பிள்ளை," என்றார் அகஸ்ரின். அக்கா புனிதமலரின் புருஷன். பலேர்மோவுக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குகிறவர். இன்றைக்குக் கமராவின் முக்காலியைச் சுமக்க இரவல் சப்பாத்தோடு வந்திருந்தார்.

"ஓம், குடிச்ச மிச்சத்தைத் தந்ததுக்கு நன்றி."

முக்காலியைப் பனிக்குள் ஊன்றிக் கண்ணை வைத்தாள். முகட்டைச் சட்டத்தின் மேல்விளிம்புக்குக் கிட்டக் கொண்டுபோனாள். கீழே முழுக்க ஒருவரும் மிதியாத பனி. மனிதர் நின்றால்தான் அந்த வெறுமையின் பெருப்பம் தெரியும். சிஞ்ஞோராவும் வழிகாட்டி சல்வோவும் முகட்டில் போய் நின்றார்கள். இரண்டு பேர் சரிவரவில்லை. கம்பி அறுந்த இரண்டு தந்திமரம் போலக் கிடந்தது.

"அத்தான், நீங்கள் போங்கோ. அவை ரெண்டு பேருக்கும் நடுவிலை."

அகஸ்ரின் முகட்டைப் பார்த்தார். "ஏலாது."

"என்ன ஏலாது?"

"மூண்டு பேர் நிண்டு படம் எடுக்கப்படாது. நடுவிலை நிக்கிறவன் போயிடுவான்."

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு மூண்டு பேர்தானே அத்தான்?"

"அவையென்ன ஸ்ரூடியோவுக்குப் போனவையே?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கத்தினாள். "உங்களைப் போல ஆக்களாலைதான் நாங்கள் உருப்படேல்லை!"

"நீர் உருப்படும். நான் உயிரோடை இருக்கிறன்," என்று மண்டரின் ஒன்றை உரித்தார்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஊரைவிட்டுப் படகேறுமுன் அகஸ்ரினும் அவர் தம்பியும் சிநேகிதனொருவனும் நின்று எடுத்த படம், பலேர்மோவின் சீசாப் பகுதியில் அவர் வீட்டு அலுமாரிக்குள் கிடக்கிறது. நடுவில் தம்பி. படகு கவிழ்ந்தது, தம்பி மட்டும் கரை சேரவில்லை. அளவுக்கு மேல் ஆளேற்றிய படகோட்டிக்குப் பழியில்லை, பழி கமராவுக்கு. அதை நினைக்க அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

முகட்டிலிருந்து சிஞ்ஞோரா தன் இத்தாலிய உச்சரிப்பில் கூப்பிட்டார்: "செலஸ்தீனா, வெளிச்சம் வருகிறது!"

மேகம் கிழிந்துகொண்டிருந்தது. அகஸ்ரின் மிச்சச் சுளையை வாயில் போட்டார். "சரி, போறன். உம்மடை பேருக்காக."

ஏறினார். ஆனால் நடுவில் நிற்கவில்லை. வலப்பக்கம் தள்ளிப் போய், பலகைகளைக் கழற்றிப் பனியில் நட்டு, தன் சிவப்பு ஜக்கெட்டை அதில் கொழுவி, மேலே தொப்பியையும் வைத்தார். பிறகு முழங்காலளவு பனியில் புதைந்து புதைந்து நடுவுக்கு வந்து, சுவெற்றரோடு நின்று கையை உயர்த்தினார்.

"நாலு!"

சல்வோ விழுந்து விழுந்து சிரித்தான். கமராக் கண்ணாடிக்குள் பார்த்தால் அந்த ஜக்கெட் வெருளி மொத்தப் படத்தையும் கெடுத்தது. செலஸ்ரீனா முக்காலியின் தலையை ஒரு மயிரிழை இடப்பக்கம் திருப்பினாள். வெருளி போய்விட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து அத்தானுக்குத் தெரியப்போவதில்லை.

அப்போது வெளிச்சம் வந்தது. பனி உள்ளேயிருந்து எரிகிற விளக்குப்போல நீலமாயிற்று. முகடு நித்திரை கொள்ளும் மிருகமொன்றின் முதுகுபோல மூச்சுவிட்டது. அதன்மேல் மூன்று மிளகு. அதற்கப்பால் மேகத்தின் கிழிசலில் கடல், எந்தக் கரையையும் தொடாமல் ஆகாயத்தில் தொங்கியது. இதைத்தான் அவள் தேடினாள். விரல் கமராவிலிருந்து நீண்ட வயரின் பொத்தானில் இருந்தது.

நடு மிளகு இன்னும் கையை இறக்கவில்லை.

அந்தப் படம் சுவரில் தொங்கும். அத்தான் கண்காட்சிக்கு இஸ்திரி போட்ட சேட்டோடு வருவார். கிட்டப் போய் எண்ணுவார். அதற்குப் பிறகு ஒவ்வொரு காய்ச்சலுக்கும், ஒவ்வொரு நெஞ்சுநோவுக்கும் எண்ணுவார்.

அவள் நம்பவில்லை. மூன்று பேரென்ன, முந்நூறு பேர் நின்றாலும் சாகிறவன் சாவான். தமிழிலும் சிசிலிப் பாஷையிலும் தெரிந்த தூஷணமெல்லாம் சொல்லிக்கொண்டு முக்காலியின் தலையை வலப்பக்கம் திருப்பினாள். ஜக்கெட் உள்ளே வந்தது. படம் ஒருபக்கம் சாய்ந்தது. சட்டத்தை இன்னும் கீழே இறக்கினாள், ஜக்கெட்டைச் சுற்றி நிறைய வெறுமை விட்டாள், மூவரையும் இடது மூலைக்குத் தள்ளினாள். காற்றில் ஜக்கெட்டின் சிவப்புக் கை ஒன்று எழும்பியது. பொத்தானை அமத்தினாள்.

மேகம் மூடியது.

சிஞ்ஞோரா வெள்ளைக்குள்ளிருந்து சறுக்கி வந்து நின்றார். "அந்த ஜக்கெட் படத்தில் இல்லைத்தானே?"

"இருக்கிறது."

"சங்கத்தில் சிரிப்பார்கள், செலஸ்தீனா."

"சிரிக்கட்டும். நீங்கள் என் பெயரைப் போடுங்கள்."

சிஞ்ஞோரா சரியென்று தலையாட்டினார்.

மேலே, கண்ணுக்குத் தெரியாத முகட்டிலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, நாலும் விழுந்ததோ?"

"விழுந்தது, விழுந்தது! ஜக்கெட்டைப் போடுங்கோ அத்தான், விறைச்சுச் சாகாமல்!"