தலையணை கனத்தவர்கள் கவனத்துக்கு

1935ஆம் வருஷம் மாசி மாதத்தில் நரம்பைக் குப்பத்துச் சாரதாவின் தலையணையை நான்கு ஆண்பிள்ளைகள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. விசேஷமான தலையணை ஒன்றும் இல்லை. பாகூர்ச் சந்தையில் வாங்கிய நீலக்கோட்டு உறை, உள்ளே இலவம்பஞ்சு, ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. தூக்கப் போனவர்களும் நோஞ்சான்கள் இல்லை. நனைந்த கட்டுமரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடக்கிறவர்கள். அந்த வாரம் மத்தி மலிவாகவும் வஞ்சரம் ஏற்றமாகவும் இருந்தது, சாரதாவின் தலையணை ஆட்டுக்கல்லைவிடக் கனமாக இருந்தது. சாரதா மட்டும் அதைத் தூக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் தூக்கினாள், ஆனாலும் தூக்கினாள். தினமும் மீன்கூடையைத் தலையில் வைத்துப் பாகூருக்கு நடக்கிறவள், பழக்கம் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

கனம் அதற்கு முந்தின ஐப்பசியில் தொடங்கியது. சாரதாவின் தம்பி செல்லப்பன், பத்தொன்பது வயசுக்காரன், ஒரு வாடைக்காற்று நாளில் கடலுக்குப் போனான். கட்டுமரம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சாரதா ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "அவனாத்தான் போனான்." அதில் பாதி பொய் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் அழவில்லை. பதினேழாம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம் என்று சிலர் மெச்சினார்கள், சிலர் ஏசினார்கள். அந்த வாரத்திலேயே தலையணை ஒரு பூசணிக்காய்க் கனத்துக்கு வந்துவிட்டது. கார்த்திகை கழிவதற்குள் அம்மிக்கல் கனம்.

சாரதாவின் புருஷன் கலியன் கெட்டவன் இல்லை. ஆனால் கனமான பொருளைக் கண்டால் கடற்கரைக்காரனுக்கு ஒரு உபயோகம்தான் தோன்றும். தலையணையைக் கயிறு கட்டி, மூங்கிலில் கோத்து, பங்காளி ஒருவனோடு தூக்கிக்கொண்டு போய், தூண்டில் போடும் இடத்தில் நங்கூரமாக இறக்கினான். நங்கூரம் என்றால் அதுதான் நங்கூரம். மற்றவர்கள் நீரோட்டத்தில் இழுபட்டுக்கொண்டிருக்க, கலியனின் கட்டுமரம் ஆணி அடித்த மாதிரி நின்றது. பார்த்தவர்களுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. இழுக்கும் நேரம் வந்தபோது அது அசையவில்லை. கடைசியில் கயிற்றை அறுத்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் தலையணை சாரதாவின் தலைக்கடியில் இருந்தது, ஈரத்தோடு, ஒரு நண்டோடு, முன்னைவிட இரண்டு பங்கு கனத்தோடு. கயிறு மட்டும் திரும்பி வரவில்லை. நல்ல தென்னங்கயிறு அது, கலியன் ரொம்ப நாள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தை மாதத்தில் அவள் படுக்கும் இடத்தில் மண்தரை ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. சாரதா அதற்கும் கலங்கவில்லை. தலையணை தன்னைப் பூமிக்குள் இழுத்துக்கொண்டு போனால் போகட்டும் என்றே இருந்தாள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் படுக்கும் மகள் குப்பு, ஆறு வயசு, தூக்கத்தில் அந்தப் பள்ளத்துக்குள் உருண்டு உருண்டு வந்தாள். மாசியில் ஒரு காலை குப்பு தன் சின்னத் தலையணையைத் தூக்க முடியவில்லை என்று சிணுங்கினாள். பழஞ்சேலையைச் சுருட்டித் தைத்த தலையணை அது. சாரதா எடுத்துப் பார்த்தாள். ஒரு பூசணிக்காய்க் கனம். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அதனிடம் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் சாரதாவுக்குப் பயம் வந்தது. தன் கனத்தைத் தான் சுமக்கலாம், பிள்ளையின் தலைக்கடியில் அது வந்து உட்கார்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. விழுந்தடித்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் போனது பாகூர் உபதேசியார் சூசைநாதனிடம். நல்ல மனுஷர், ஊரில் யாருக்கு மனக்குறை என்றாலும் அவரிடம் போவார்கள். ஒரு குறை, சொல்கிறவர் வாய் மூடுவதற்குள் பதில் சொல்லிவிடுவார். சாரதா தம்பி என்று தொடங்கியதுமே, விதி வந்தால் யார் தடுக்க முடியும், கவலைப்படக் கூடாது, ராத்திரி பால் குடித்துவிட்டுப் படு என்றார். சாரதா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். தலையணை ஒரு வீசை ஏறியிருந்தது. அதற்காக இனிமேல் யாரிடமும் போவதில்லை என்று இருந்துவிடப் பார்த்தாள். மீன் வாங்குகிற ஒரு பெண்பிள்ளைதான், ஒரு செருப்பு கடித்ததற்காகக் காலம் பூரா வெறுங்காலோடு நடப்பாயா என்று கேட்டு, வில்லியனூர் ரஹீமாவின் பேரைச் சொன்னாள்.

ரஹீமா, பாயும் பஞ்சும் வியாபாரம் செய்த ஹபீப் முகமதுவின் மனைவி. கடை முன்பக்கம் அவருடையது, பின்முற்றம் இவளுடையது. பழைய தலையணை மெத்தைகளைப் பிரித்து, கட்டி தட்டின பஞ்சை வெயிலில் போட்டு உதிர்த்து, திரும்ப அடைத்துத் தைப்பாள். சாரதாவின் வயசுதான் இருக்கும். பஞ்சுத்தூசியால் சதா இருமல், பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. சாரதா முதல்நாள் தலையணை இல்லாமல் போய், முற்றத்து ஓரத்தில் நின்றுகொண்டு விசாரித்தாள். இந்த மாதிரி முன்னே பார்த்ததுண்டா? பதினொன்று பார்த்திருக்கிறேன் என்றாள் ரஹீமா. ஒன்பது லேசாயிற்று, ஒன்று பாதியில் நின்றுபோனது, ஒன்று இங்கே பார்க்கிற வியாதி இல்லை என்று புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எத்தனை நாளாகும்? பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. மற்றவர்கள் பஞ்சைத் தடியால் அடிக்கிறார்களே? "அடிச்சா பஞ்சு தூளாப் போவும்மா, முடிச்சு அப்படியே இருக்கும்." இந்த ஒரு பதிலில் சாரதாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ரஹீமாவின் ஏற்பாடுகள் கறாரானவை. ஆளுக்கு ஒரு கிழமை, சாரதா வாராவாரம் செவ்வாய்க்கிழமை வர வேண்டும். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் உட்கார்ந்தால் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை, அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. தலையணையை உடையவர்தான் சுமந்து வர வேண்டும். ஆகவே சாரதா சும்மாடு கூட்டி, தலையணையைத் தலையில் வைத்து, விடியற்காலையில் நரம்பையை விட்டுக் கிளம்புவாள். இரண்டு ஊரும் பிரெஞ்சுக்காரன் சீமை, வழியில் கொஞ்சதூரம் மட்டும் இங்கிலீஷ்காரன் எல்லை. அந்தச் சாவடிச் சேவகன், இத்தனை கனத்தில் இவள் எதையோ கடத்துகிறாள் என்று தலையணையைக் கீழே இறக்கச் சொல்லி, குத்தி, அமுக்கி, மோந்து பார்த்தான். பஞ்சுதான். திரும்பத் தூக்கிக் கொடுக்க அவனால் முடியவில்லை. புஸ்தகத்தில், தலையணை ஒன்று, உள்ளே பஞ்சு, எடை தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டான். மூன்றாவது செவ்வாய் அபிஷேகப்பாக்கத்து வயல்வழியில் இளைப்பாறுவதற்காகச் சுமைதாங்கிக் கல்லின்மேல் அதை இறக்கி வைத்தாள். மூன்று தலைமுறையாக எத்தனையோ நெல்மூட்டையையும் விறகுக்கட்டையும் தாங்கின பலகைக்கல் நடுவில் விரிசல் விட்டது.

கல் எந்தக் கொம்யூன் வட்டாரத்தைச் சேர்ந்தது என்று இரண்டு மேரிகள், அதாவது பிரெஞ்சுக்காரன் நகராட்சி ஆபீசுகள், ஒரு மாதம் காகிதம் அனுப்பிக்கொண்டன. கடைசியில் வில்லியனூர் மேரியில் குமாஸ்தாவாக இருந்த அரங்கநாதன் ரஹீமாவையே நேரில் கேட்டு எழுதி, அதன் தலைவரான மேர் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பை ஒட்டினார். தலையணை கனத்தவர்கள் அதைக் கடலிலோ ஏரியிலோ போட வேண்டாம், திரும்பி வந்துவிடும். வருமுன் ஒருதரம் வெறுங்கையோடு வந்து பார்க்கலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவர் கை ஒத்துவராவிட்டால் இன்னொருவரிடம் போகலாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பேசுவதைவிடக் கேட்டுக்கொள்வதில் ஆறுதல் காண்கிறவர்களுக்குப் பாகூர் சூசைநாதன் உகந்தவர். முதல் மூன்று வாரம் கனம் கூடினாற்போல் இருக்கும், பயந்து நின்றுவிட வேண்டாம். தலையணையோடு சேர்ந்து கிணற்றில் இறங்கிவிடலாம் என்று தோன்றுகிறவர்கள் தங்கள் கிழமை வரும்வரை காத்திருக்கக் கூடாது; அந்த நிமிஷமே பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு எந்த நேரமானாலும் வரலாம், கதவு திறக்கும். முற்றத்தில் சொன்னது முற்றத்தை விட்டு வெளியே போகாது. கடைசி வரியாக, மேரி ஊழியர்களும் வரலாம் என்று இருந்தது. அந்த வரியை ரஹீமா சொல்லவில்லை, அரங்கநாதனே சேர்த்துக்கொண்டார். அடுத்த வியாழக்கிழமை ஒரு தலையணையோடு அவர் வந்ததை எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

கலியன் ஒருநாள் தனியாக வந்தான். தன் பெண்சாதி என்ன பேசுகிறாள், தன்னைப் பற்றியா என்று கேட்டான். ரஹீமா குடிக்க மோர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. உனக்குத் தலையணை கனத்தால் நீ கொண்டு வா என்றாள். எனக்குத் தலையணையே கிடையாது, கையை மடித்து வைத்துத்தான் படுப்பேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். நாலு வருஷம் கழித்து, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அதே முற்றத்துக்கு வந்து உட்கார்ந்தான். அது வேறு கதை, அவன் கதை.

சாரதாவின் முதல் செவ்வாய்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் பாயின்மேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். சாரதா சுறா விலையைச் சொன்னாள். கயிறு போன கதையைச் சொன்னாள். மாமியார் ஒரு தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தராததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகள் உதிர்ந்து பூவாயின. நடுவில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முடிச்சு இருந்தது. கனம் பூராவும் அதில்தான். ரஹீமா அதை எடுத்து வைத்த பித்தளைத் தட்டு வளைந்து போனது. அது இருக்கட்டும், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். ஒவ்வொரு வாரமும் அப்படியே சொன்னாள், ஒருதரம்கூடச் சாரதாவின் பக்கம் தட்டை நகர்த்தவில்லை. குப்புவின் தலையணை மட்டும் வீட்டில் ஏறிக்கொண்டே இருந்தது.

பதினோராவது செவ்வாய் சாரதா தானே கையை நீட்டி முடிச்சை எடுத்தாள். எடுத்த கை மடியில் விழுந்தது.

"நாந்தான் அனுப்பனேன், பாயம்மா," என்றாள். "ஜொரம்னு படுத்திருந்தான். கடலு சரியில்லன்னு எல்லாரும் சொன்னாங்க. சந்தைக்கு மீன் இல்லன்னு நாந்தான் எழுப்பி உட்டேன். ஆம்பளையாடா நீன்னு கேட்டேன்."

ரஹீமா அது உன் குற்றம் என்றும் சொல்லவில்லை, குற்றம் இல்லை என்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பஞ்சை உதிர்த்து முடித்தாள். பிறகு கேட்டாள்:

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

இதை யாரும் சாரதாவிடம் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தான் சொன்னதை மட்டும் இத்தனை மாசம் காதில் கேட்டுக்கொண்டிருந்ததில் அவன் சொன்னது அடியில் போய்விட்டது. இப்போது அதைத் தேடி எடுத்தாள்.

"சிரிச்சான். அடுப்புல சட்டிய வையி அக்கா, வஞ்சரம் கொணாறேன்னான். வச்சேன். பொழுது போற மட்டும் தண்ணி கொதிச்சுது."

சொல்லிவிட்டு அழுதாள். ஐப்பசியிலிருந்து அழாததையெல்லாம் அழுதாள். உள்ளங்கையில் முடிச்சு நெகிழ்ந்து, ஒரு தம்ளர் கடல்தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. முற்றத்தில் பரப்பிக் கிடந்த பஞ்சு முழுக்க எழும்பி வில்லியனூர்த் தெருக்களின் மேலே மிதந்தது. கோயில் தேர்முட்டியிலும் பள்ளிவாசல் மினாராவிலும் ஒட்டிக்கொண்டது. வாயில் பஞ்சு புகுந்து, பாங்கு சொல்லும் மோதினார் இருமிக்கொண்டிருந்ததால் அன்று அஸர் பாங்கு சற்றுத் தாமதமானது. ரஹீமாவின் முற்றத்தில் நேரம் நீண்டது அந்த ஒருதரம்தான். அழுகை ஓய்ந்ததும் பஞ்சு இறங்கி வந்து பாயின்மேல் படுத்துக்கொண்டது.

இதை எறிந்துவிட்டு வேறு பஞ்சு வைத்துக் கொடேன் என்று சாரதா கேட்டாள். ரஹீமா அதே பஞ்சைத்தான் அள்ளி அடைத்தாள். உன் தலைக்கு உன் பஞ்சுதான் சேரும் என்று ஊசியில் நூல் கோத்தாள். தைத்து முடித்தபோது தலையணை ஒரு தேங்காய்க் கனம் இருந்தது. இன்னும் குறையாதா என்று கேட்டதற்கு, இவ்வளவு இருக்கும், இதைத் தூக்கலாம் என்றாள். சாவடிச் சேவகன் அன்று அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, எடை ஒரு தேங்காய் என்று புஸ்தகத்தைத் திருத்திக்கொண்டான்.

சாரதா வீட்டுக்குள் தலையணையை வைத்த கையோடு குப்புவைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துச் சொன்னாள். மாமனுக்கு ஜுரம் இருந்ததைச் சொன்னாள், தான் எழுப்பி அனுப்பியதைச் சொன்னாள், அவன் சிரித்ததையும் அடுப்பில் சட்டியை வைக்கச் சொன்னதையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. கலியன் வாசலில் வலையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஐப்பசியிலிருந்து அடுப்பில் ஏறாமல் மூலையில் கவிழ்ந்து கிடந்த சட்டியைக் குப்பு பார்த்தாள்.

"அந்தச் சட்டிதானாம்மா?"

"அதாண்டி."

"அதுலயே எனக்கு ஆக்கிக் குடு."

மறுநாள் கலியனுக்கு ஒரு வஞ்சரம் கிடைத்தது. விற்றால் நல்ல விலை, அவன் விற்கவில்லை. சாரதா சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தாள். குழம்பு கொதிப்பதற்குள் குப்பு தன் தலையணையை ஒரு கையால் சுழற்றி, வாசலில் வந்து உட்கார்ந்த காக்கையின்மேல் எறிந்தாள். பிறகு மூவரும் சாப்பிட்டார்கள். தரையில் விழுந்த பள்ளத்தை யாரும் மண் போட்டு மூடவில்லை. அதில் பாயை விரித்து, தேங்காய்க் கனத் தலையணையைப் போட்டு, சாரதா அங்கேயே படுத்துக்கொண்டாள்.