நாலாவது கேட்டில் போனவன்

சனிக்கிழமை மதியம் யூனியன் ஹாலில் படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். இருநூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். மார்லா பெனாக் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். தட்டியவர்களில் பாதிப் பேர் அவளோடு பள்ளியில் படித்தவர்கள். மீதிப் பேர் அவள் அப்பா எமிலோடு எஃகு ஆலையில் வேலை பார்த்தவர்கள்.

'நாலாவது கேட்' 1985இல் வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிய படம். பிறகு கேபிளில் மதிய நேரங்களில் போட்டுப் போட்டே நாடு முழுக்கப் பரவியது. வேலைநிறுத்தத்தின் நடுவில் கூட்டாளிகளை விட்டுவிட்டு ஆலைக்குள் நுழையும் பேனிக்தான் அதில் துரோகி. "கேட் தொறந்துதான் இருக்கு பேனிக், உள்ள போ" என்று கூட்டம் அவனிடம் சொல்லும். அணி மாறும் ஆட்டக்காரனுக்கும் கட்சி மாறும் அரசியல்வாதிக்கும் இன்றுவரை அதே வசனம்தான். பனியனில் அச்சடித்து விற்கிறார்கள். பேனிக் யார் என்று இந்த ஊருக்கு மட்டும் தெரியும். பெனாக் வீட்டுக் கதவில் அந்த வசனத்தைப் பெயின்டால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். மார்லாவின் கல்யாண விருந்தில் ஒருவன் மைக்கைப் பிடித்துச் சொல்லியிருக்கிறான்.

மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நியூயார்க்கிலிருந்து வந்த விமர்சகர் நோரா கிம்பல். இன்னொன்றில் படத்தை எழுதிய கிரஹாம் ஸ்டோடார்ட், எண்பத்தொரு வயது.

"இத்தனை வருஷமா இந்தப் படத்த யாரும் மதிக்கல. தப்பு எங்க மேலதான்," என்றாள் நோரா. "பேனிக் ஏன் உள்ள போறான்னு படம் சொல்லவே இல்ல, கவனிச்சீங்களா? அந்தத் தைரியம் இப்ப யாருக்கும் வராது."

மார்லா எழுந்து போய் மைக்கை வாங்கினாள்.

"காரணம் இருந்துச்சு," என்றாள். "வேலைநிறுத்தம் நாலாவது மாசம் போகுது. கம்பெனி மருத்துவக் காப்பீட்ட நிறுத்திடுச்சு, உள்ள வேலைக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான் உண்டு. எனக்கு அஞ்சு வயசு, இதயத்துல ஓட்டை, ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாச்சு. எங்கப்பா பதினோரு நாள் உள்ள போனார். ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே வெளிய வந்து உங்களோட மறியல்ல நின்னார். பக்கத்துல ஒருத்தரும் நிக்கல."

பின்வரிசையிலிருந்து அவளோடு பள்ளியில் படித்த ரே கோஸ்டிக் குரல் கொடுத்தான். "எங்கப்பாவுக்கும் சர்க்கரை இருந்துச்சு மார்லா. ஊசி மருந்த பாதி பாதியா போட்டுக்கிட்டார். உள்ள போகல. கால்தான் போச்சு."

மார்லா ஸ்டோடார்ட் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கலாம்."

"விசாரிச்சேன்மா," என்றார் கிழவர், நிதானமாக. "உங்கப்பாவேதான் சொன்னார். மூணு சாயங்காலம் உக்காந்து பேசினோம். மொதல்ல எழுதினதுல அந்தக் குழந்தையும் இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன். குழந்தை இருந்தா ஜனங்க அவன வெறுக்க மாட்டாங்க. வெறுக்கலேன்னா படம் நிக்காது."

"ரெண்டு வாரம்கூட நிக்கலியே," என்றாள் மார்லா.

யாரோ சிரித்தார்கள். நோரா எதையோ குறித்துக்கொண்டு, "இத நாம தனியா பேசலாமா? ஒரு பேட்டி மாதிரி..." என்று ஆரம்பித்தாள்.

"பேச முடியாது," என்று மைக்கை மேடை விளிம்பில் வைத்துவிட்டு மார்லா வெளியே போனாள்.

வீட்டில் எமில் சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீயே போய்ச் சொன்னியாப்பா அவன்கிட்ட?"

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "சொன்னேன்."

"எதுக்கு? நாப்பது வருஷமா அந்த ஆள திட்டிக்கிட்டு இருக்கேன். நீதான் எடுத்துக் குடுத்தியா?"

"ஏன் உள்ள போனேன்னு ஊர்ல ஒருத்தனும் கேக்கல. அவன் ஒருத்தன்தான் கேட்டான். எழுதினா எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன்."

"படத்த பாத்தியா?"

"மொத நாளே பஸ் ஏறி பிட்ஸ்பர்க் போய்ப் பாத்தேன். இப்ப வருவ, இப்ப வருவன்னு கடைசிவரைக்கும் உக்காந்திருந்தேன். நீ வரவே இல்ல."

தன்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவள் கத்தினாள். அவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

அடுத்த மாதம் நோராவின் கட்டுரை வந்தது. குழந்தையைப் பற்றி அதில் மூன்று வரி இருந்தது. அந்தப் பகுதியை வெட்டியதுதான் படத்தைக் காப்பாற்றியது என்று எழுதியிருந்தாள். மார்லா பத்திரிகைக்கு ஒரு கடிதம் அனுப்பினாள், அப்பாவின் முழுப் பெயரையும் அந்தப் பதினோரு தேதிகளையும் எழுதி. அவர்கள் போடவில்லை. நகல் எடுத்து யூனியன் ஹால் அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். இரண்டு நாளில் யாரோ கிழித்தார்கள். அவள் மறுபடியும் போய் ஒட்டினாள்.