துரைக்குப் பிடித்த கிலி

பூங்காவனத்தின் நாய்க்குப் பெயர் துரை. வைத்தவள் அவளேதான். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் சத்தம் கேட்டால் பாதையை விட்டிறங்கிக் கால்வாயோரம் தலைகுனிந்து நிற்க வேண்டும். நின்று நின்று கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் போலிருக்கும். கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறிய பிறகு, மழையில் நனைந்து வாசலில் ஒண்டிய செம்பட்டைக் குட்டியைத் தூக்கியதும் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது. "துரை, எந்திரி. துரை, வெளிய போ. என்னா மொறைக்கிற, போய்ப் படு துரை." நாள் முழுக்க இப்படி அதிகாரம் பண்ணுவதில் அவளுக்கு இருந்த சுகம் கொஞ்ச நஞ்சமில்லை.

அவள் புருஷன் நல்லையாவுக்குத்தான் அந்தப் பெயர் ஆகாது. முனிசிபலில் குழாய் வேலை பார்க்கிற மனுஷர். காக்கிச் சட்டையைக் கண்டால் போதும், போட்டிருப்பது தபால்காரரே ஆனாலும், கைகள் தானாகக் கட்டிக்கொள்ளும். "வேற பேரே கெடைக்கலியா ஒனக்கு?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அவர் நாயை "டேய்" என்றுதான் கூப்பிடுவார்.

இப்படி இருக்கையில் மலாயாவுக்கு மெர்டேக்கா, நம் பேச்சில் சுதந்திரம், வந்தது. பூங்காவனம் வேலை செய்த பண்டார் ஹிலிர் தையல் கடையில் அதற்கு முந்தின மாதம் முழுக்கக் கொடிதான். சிவப்பும் வெள்ளையுமாகத் தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் பொத்தல். சுதந்திரம் வந்த அன்று காஜா பெராங்கில் காது கொடுத்துக் கேட்க முடியாத வெடிச் சத்தம். சீனர் கடை வாசல்களில் ஆளுயரச் சரவெடி, தெரு முனையில் வாணம், எங்கே பார்த்தாலும் மூங்கில் குச்சியில் இறைச்சி கோத்துச் சாத்தே சுடுகிற புகை. மனுஷர்கள் எல்லாரும் தின்று தீர்த்துக் கூத்தடித்தார்கள். துரை மட்டும் கட்டிலுக்கடியில் போய் முடங்கியது. மறுநாளும் வெளியே வரவில்லை, சோற்றையும் தொடவில்லை. வாய் மூடாமல் தொங்க, எச்சில் நூல் நூலாக வழிந்தது. தண்ணீர்ச் சட்டியை நீட்டினால் உறுமியது. தன்னைப் பார்த்து அது உறுமியதில் பூங்காவனத்துக்கு நெஞ்சே வெடித்துவிட்டது.

"வெடிச் சத்தத்துல கிலி புடிச்சிருச்சி. வேறொண்ணுமில்ல," என்று தீர்ப்புச் சொல்லி, கழுத்தில் கயிறு போட்டு அரசாங்க மிருக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நாயை வாசல் கம்பியில் கட்டிவிட்டு உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் ஒரு காக்கிச் சட்டைக்காரர். அவருக்குத் தமிழ் வராது. இவளுக்கு மலாய் வரும், ஆனால் நடுநடுவே சொல் தடுக்கினால் தமிழை வைத்து அடைத்துக்கொள்கிற மலாய். பயம் என்பதற்கு மலாயில் என்ன என்று அந்த நேரம் பார்த்து நாக்கில் வரவில்லை. "அஞ்ஜிங் சாயா கெனா கிலி," என்றாள். என் நாய்க்குக் கிலி பிடித்திருக்கிறது என்று சொன்னதாக அவள் எண்ணம்.

அவ்வளவுதான். அந்த மனிதர் பெஞ்சு மேல் ஏறி நின்றுவிட்டார். எங்கே எங்கே என்று கேட்டு, இவள் வாசலைக் காட்டியதும் ஓடிப்போய் அவளை வெளியே விட்டுக் கம்பிக் கதவைச் சாத்தினார். யாரையாவது கடித்ததா என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். இல்லை என்றாள். வீட்டு விலாசம் கேட்டார். சொன்னாள். நாயை வீட்டுக்குக் கொண்டுபோய் நன்றாகக் கட்டி வை, இன்றைக்கே ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள் என்றார். பூங்காவனம் அசந்துபோனாள். சுதந்திரம் வந்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் நாய்க்கு வைத்தியம் பார்க்க வீடு தேடி ஆள் அனுப்புகிறார்களே என்று மனசு குளிர்ந்துபோய்த் திரும்பினாள்.

அந்தக் குளிர்ச்சி பக்கத்து வீட்டு வேலி வரைக்கும்தான் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் சாரதாம்பாள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அந்த ஊரிலேயே பல தலைமுறை வேர்விட்ட மலாக்கா செட்டி குடும்பத்துக்காரி. சாமி கும்பிடுவதெல்லாம் நம்மைப்போல்தான், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். பூங்காவனம் நடந்ததைப் பெருமையோடு சொல்ல, சாரதாம்பாள் ஈரத்துணியை அப்படியே வேலியில் போட்டுவிட்டு, நீ என்ன சொல் சொன்னாய், திரும்பச் சொல் என்றாள். சொன்னாள். சாரதாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மலாயில் கிலா என்றால் பைத்தியம். தமிழ்க்காரி வாயில் வந்த கிலி அந்த ஆள் காதில் கிலாவாகப் போய் விழுந்திருக்கிறது. எச்சில் வடிகிற பைத்தியம் பிடித்த நாய் என்றால் வெறிநாய். வீடு தேடி வருகிறவர்கள் மருந்தோடு வரமாட்டார்கள், துப்பாக்கியோடு வருவார்கள் என்று அவள் மலாயில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

பூங்காவனம் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த நல்லையா விஷயத்தைக் கேட்டதும் சைக்கிளை விட்டு இறங்காமலே பேசினார். "ஓடு. இப்பவே ஓடு. தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லி, சரியான வார்த்தையச் சொல்லு. தாக்குட், அதான் பயத்துக்கு வார்த்தை. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லு. கேப்பாங்க."

"நான் என்னாங்க தப்பாச் சொன்னேன்?"

"அந்த வார்த்தைதான், பூங்கா."

"வார்த்தை தப்பா வந்துச்சி, சரி. நாயி அங்கதானே நின்னுச்சி? வாசல்ல, ஆள் பாக்குற தூரத்துல. அது தப்பா நின்னுச்சா? ஒரு ஆளு எட்டிப் பாக்கல. என் வாயப் பாத்து நாய்க்கு வைத்தியம் சொல்றவன்கிட்ட நான் ஏன் திரும்பிப் போவணும்? அவன்கிட்டப் போயி கும்பிடு வேற போடணுமா?"

"ஆள் வர்றதுக்குள்ள..."

"ஆள் வர்றதுக்குள்ள நான் பாக்குற டாக்டரப் பாத்துக்கறேன். என் நாயி. எந்த டாக்டருன்னு நான்தான் சொல்லணும்."

நல்லையாவுக்குச் சோறு போச்சு. இவள் துரையைத் தூக்கி மூன்று சக்கரத் திரிஷாவில் உட்காரவைத்துக்கொண்டு புறப்பட, அவர் சைக்கிளில் பின்னாலேயே போனார். திட்டவும் தெரியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை.

பண்டார் ஹிலிரில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் இருந்தார். பெரிய வீட்டு நாய்களுக்கெல்லாம் அவர்தான். தையல் கடைக்கு வருகிற சீமாட்டிகள் அவர் பெயரைச் சொல்லும்போதே குரலை மாற்றிக்கொள்வார்கள். அவர் தாழ்வாரத்தில் நின்றபடியே திரிஷாவைப் பார்த்தார். தோட்டங்களில் சுற்றியவர் என்பதால் கொஞ்சம் தமிழும் வந்தது. "நாய் பேரு என்னா?" என்று கேட்டார்.

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற நல்லையா, "மணிங்க, மணி," என்று முந்திக்கொண்டார்.

"துரை," என்றாள் பூங்காவனம்.

டாக்டரின் புருவம் மேலே ஏறியது. ஆனால் மனிதர் கோபப்படவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எச்சிலைப் பார்த்தார், தொங்குகிற வாயைப் பார்த்தார், எல்லாம் தாழ்வாரத்தில் நின்றபடியே. "இது முடிஞ்சி போச்சி அம்மா. ஊசி போட்டா தூங்கிடும். வலிக்காது," என்றார்.

"தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

"தொட வேணாம். நான் நெறைய பாத்திருக்கு."

"இத நீங்க இன்னும் பாக்கலியே," என்று சொல்லிவிட்டு, திரிஷாக்காரரைத் திருப்பச் சொன்னாள். வழி முழுக்கக் கையைத் துரையின் முதுகில் வைத்துக்கொண்டாள்.

இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போகிற வழியில் லிம் என்று ஒரு சீன டாக்டர், பன்றிப் பண்ணைக்காரர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். ஊரில் அவருக்குப் பன்னி டாக்டர் என்றே பெயர். அந்தப் பக்கம் திரிஷா திரும்பியதும் நல்லையா சைக்கிளை முன்னால் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார்.

"வெள்ளைக்காரரே சொல்லிட்டாரு. இனிமே பன்னி டாக்டரு என்னாத்தச் சொல்லப் போறாரு? ஆஸ்பத்திரிக்கே போயிருவோம் பூங்கா. சுட வர்றது எங்க முனிசிபல் ஆளுங்கதான், தடுத்தா எனக்கு வேலை போயிரும்."

"வராட்டி ரோட்டுல நில்லுங்க."

அவர் ரோட்டில்தான் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

லிம்முக்குச் சின்ன வயசுதான். பனியனோடு, கையில் தவிட்டு வாசனையோடு வெளியே வந்தார். இந்த முறை பூங்காவனம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. துரையைத் தூக்கி மேசைமேல் வைத்து, வாயைக் காட்டி, நீயே பார் என்பதுபோல் கையை நீட்டினாள். லிம் பார்த்தார். அவர் முகமும் மாறத்தான் செய்தது. மலாயில் நேராகச் சொன்னார்: பார்த்து மட்டும் சொல்ல முடியாது, வாயைத் திறந்தால்தான் தெரியும். வெறிநாயாக இருந்தால் திறக்கிற எனக்கும் ஆபத்து, பிடிக்கிற உனக்கும் ஆபத்து. எனக்குக் கையுறை இருக்கிறது, உனக்கு இல்லை. வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடு.

இப்படிப் பேசுகிற டாக்டரை அவள் அன்றுதான் பார்க்கிறாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு துரையின் தலையை வெறுங்கையால் பிடித்தாள். "அசையாத துரை," என்று அதட்டினாள். அதட்டலுக்குள் அழுகை வந்துவிட்டது. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

லிம் டார்ச்சு விளக்கை வாய்க்குள் அடித்தார். கையை விட்டார். துரை ஊளையிட்டது, பின்னங்காலால் மேசையைப் பிறாண்டியது, ஆனால் கடிக்கவில்லை. கை வெளியே வந்தபோது விரலிடுக்கில் ஒரு துண்டு மூங்கில் குச்சி. சாத்தே குச்சி. மேலண்ணத்தில் குறுக்காகச் செருகி, இந்தப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் நடுவே வாயை மூடவிடாமல் நின்றிருக்கிறது. கிலா இல்லை, திருட்டுத் தீனி என்று அர்த்தப்பட லிம் என்னவோ சொல்லிச் சிரித்தார். கிலியும் இல்லை, தன் தீர்ப்பும் தப்புத்தான் என்று பூங்காவனத்துக்கு உறைத்தது. உறைக்கட்டும், அதனால் என்ன. துரை தண்ணீரைச் சளப் சளப்பென்று குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் போதும் அவளுக்கு.

வெளியே வந்து நல்லையாவிடம், "குச்சிங்க. சாத்தே குச்சி. எடுத்துட்டாரு," என்றாள். குச்சி எங்கே என்று அவர் கேட்கவுமில்லை, இவள் எடுத்து வரவுமில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதை நம்பினாரா, இவளுக்காக ஆட்டினாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டு வாசலில் லோரி நின்றது. துப்பாக்கியோடு சுப்பையன். நல்லையாவோடு முனிசிபலில் வேலை செய்கிறவன், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன். அக்கம் பக்கத்தில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. சாரதாம்பாள் மட்டும் வேலியோரம் நின்றாள்.

"அண்ணே, ரிப்போட் வந்திருச்சி. நாயக் கட்டிப்போட்டுட்டு அண்ணியத் தள்ளிக்கச் சொல்லுங்க," என்றான் சுப்பையன்.

"இது வெறிநாயில்ல. டாக்டரு பாத்துட்டாரு," என்றாள் பூங்காவனம்.

"எந்த டாக்டரு?"

"லிம் டாக்டரு."

லோரியில் இருந்தவன் சிரித்தான். "பன்னி டாக்டரு சொன்னா செல்லாது அண்ணி," என்றான் சுப்பையன்.

"ஏன் செல்லாது? ஒங்க ஆஸ்பத்திரிக்காரரு பெஞ்சு மேல ஏறி நின்னு பாத்தாரு. பண்டார் ஹிலிர்காரரு தாவாரத்துல நின்னு பாத்தாரு. இவரு ஒருத்தருதான் வாய்க்குள்ள கைய வுட்டுப் பாத்தாரு. எவரு டாக்டரு, நீயே சொல்லு." துரைக்கு முன்னால் மண்டியிட்டு அதன் வாயை இரண்டு கையாலும் திறந்து பிடித்தாள். "சந்தேகமா இருக்கா? வா சுப்பையா. வந்து கைய வச்சிப் பாரு. அப்புறமா சுடு."

சுப்பையன் ஒரு அடி பின்னால் போனான். அவனும் என்ன செய்வான், அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, "நகருங்க அண்ணி," என்றான். அவள் நகரவில்லை. அவன் நல்லையா பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. மேல தெரிஞ்சா ஒங்க வேலைக்குத்தான் கேடு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த ஆளு கைய வுட்டத நீங்க ஒங்க கண்ணால பாத்தீங்களா?"

நல்லையாவின் கைகள் வழக்கம்போல் கட்டியிருந்தன. பூங்காவனம் அவரைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது. ரோட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மனுஷர், பொய் சொல்லவும் தெரியாதவர். முடிந்தது என்று நினைத்தாள். துரையைத் தன் மடியோடு சேர்த்து இழுத்துக்கொண்டாள்.

"பாக்கல," என்றார் நல்லையா.

அப்புறம் சைக்கிளை வேலியில் சாய்த்தார். முழங்கை வரைக்கும் சட்டையைச் சுருட்டினார். வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டார். அந்த வாய்க்குள் புண் இன்னும் ஆறவில்லை, வலியில் துரை யாரை வேண்டுமானாலும் கவ்வும் என்று அவளுக்குத் தெரியும். "வேணாங்க," என்று முணுமுணுத்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"நான் பாக்கல சுப்பையா. பூங்கா பாத்துட்டா," என்று சொல்லிவிட்டு, நல்லையா கையை மணிக்கட்டு வரை துரையின் வாய்க்குள் விட்டார். துரை முனகியது, கடிக்கவில்லை.

சுப்பையன் பார்த்துக்கொண்டே நின்றான். துப்பாக்கியைத் தாழ்த்தினான். "ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரையே வந்து பாக்கச் சொல்றேண்ணே," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான். லோரி திரும்பித் தெரு முனையைத் தாண்டும்வரை நல்லையா கையை எடுக்கவில்லை.