எதிர் ஸ்டேஷனின் அக்கா

அக்காவும் தங்கையும் ஒரே ஊரில், ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு எஃப்.எம். வானொலிகளில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்கள். இவளிடமிருந்து நேயர்களை அவள் இழுக்க வேண்டும், அவளிடமிருந்து இவள் இழுக்க வேண்டும், அதுதான் பிழைப்பு. அதனால் யார் வீட்டில் கூடினாலும் ரேட்டிங் பற்றி வாயைத் திறப்பவள் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மற்றபடி அவர்கள் பேசாதது எதுவுமில்லை. கணவர் பிரிந்துபோன வருஷத்தில் அக்கா தங்கையிடம் கொட்டியதற்குக் கணக்கே கிடையாது.

அதற்கடுத்த வருஷம் தங்கையின் வானொலி காலை நேரத்தில் கிடுகிடுவென்று ஏறியது. முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வயதுப் பெண்கள் கொத்தாக அந்தப் பக்கம் போனார்கள். அக்காவிடம் முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்.

ஒரு நாள் விளம்பர நிறுவனத்து மேலாளர் அவளை வரச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். யாருக்காகப் பாட்டு போடறோம்னு எதிர் ஸ்டேஷன்காரங்க எவ்வளவு தெளிவா வெச்சிருக்காங்க பாருங்க. இதே மாதிரி நீங்களும் ஒண்ணு கொண்டு வாங்க" என்று கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில் 'எங்கள் அக்கா' என்று தலைப்பு. கீழே எழுதியிருந்தது: 'வயது முப்பத்தெட்டு. கணவர் உடன் இல்லை. ஒரே மகள். எட்டு பத்துக்கு மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவார். பிறகு பாலத்தடியில் காரை நிறுத்தி ஐந்து நிமிடம் அழுவார். அப்போது அறிவிப்பாளர் பேசக்கூடாது. பழகிய பாட்டு மட்டும்.'

துணி மடித்துக்கொண்டே ஒருத்தியிடம் மட்டும் சொன்ன விஷயம் அது.

"நல்லா இருக்குல்ல?" என்றார் மேலாளர்.

"இருக்கு" என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என் பேரைப் போடாம விட்டியே, பெரிய மனசுதான் உனக்கு."

தங்கைக்கு உடனே புரிந்துவிட்டது. "உன்னை விக்கணும்னு செய்யலைக்கா. நம்ம நேயர் யாருன்னு எழுதுங்கன்னாங்க. கண்ணை மூடினா உன் முகம்தான் வந்துச்சு. உனக்கு ஆறுதலா இருக்கணும்னுதான் ஒவ்வொரு பாட்டும் பொறுக்கினேன்."

"நான் அழுததைக் காட்டி சோப்புக்காரன்கிட்ட விளம்பரம் கேட்டிருக்கே."

"அக்கா, உள்ள வாயேன்."

அவள் உள்ளே போகவில்லை.

அடுத்த ரேட்டிங்கில் தங்கையின் வானொலி முதலிடம். அக்காவின் முதலாளி, இனிமேல் நமக்குக் கல்லூரிப் பிள்ளைகள் போதும் என்று காலை நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார். அவளை விளம்பர நேரம் ஒதுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். சகோதரிகள் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை. மகளுக்குச் சித்தி வேண்டும். தங்கை போன் செய்வாள், அக்கா எடுப்பாள், "நல்லா இருக்கேன்" என்பாள். அதற்குமேல் மூச்சு விடமாட்டாள்.

மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோதும் அப்படித்தான். தனியாகப் போய்ச் சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வர ஒன்பது நாள். மகளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பத்துத் தடவையாவது தங்கையின் எண்ணை எடுத்து எடுத்து வைத்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன நாளில், அதைச் சொல்லவும் யாருமில்லாமல் காருக்குள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்த்துவிட்டிருந்த மகள், பேச்சுவாக்கில் சித்தியிடம் உளறிவிட்டாள். தங்கை உடனே அழைத்தாள். குரல் உடைந்திருந்தது.

"ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. அப்புறம் என்ன சொல்ல?"

"அந்த ஒன்பது நாளும் எப்படி இருந்தே? ரொம்ப பயந்தியா?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். பிறகு, "உங்க வீட்டுல தண்ணி சரியா வருதா?" என்று கேட்டாள் அக்கா.

மேற்கொண்டு எதையும் கேட்காமல் தங்கை சொன்னாள், "வருதுக்கா."