உண்ணி இல்லாத தொழுவம்

"உங்க வீட்டு மாடுகளுக்கு உண்ணி இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டதும் சுத்தக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்க தொழுவத்துல உண்ணி கிடையாது. இன்னைக்கு நேத்து இல்ல, எங்க அப்பா காலத்துல இருந்தே கிடையாது."

டாக்டரம்மா வயதில் சின்னவர். முதியவர்களின் கோபத்தைத் தினமும் பார்த்துப் பழகியவர் போலிருந்தது. நாய் வளர்க்கிறீர்களா, எலி நடமாட்டம் உண்டா, வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்குமா என்று வரிசையாகக் கேட்டார். அத்தனைக்கும் அதே விறைப்போடு, இல்லை, இல்லை, இல்லை.

கட்டிலில் அவருடைய தங்கை கிடந்தாள். இது ஐந்தாம் நாள் காய்ச்சல். மூன்று நாள் வீட்டிலேயே மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு, நேற்றுத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கொசுவால் வந்த காய்ச்சல் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. கெட்ட தண்ணீரால் வந்ததும் இல்லையாம். தலை வெடிக்கிறது என்கிறாள்; மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. உண்ணி என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் கண்ணைத் திறந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் பதில் சொல்லி முடித்ததும் மூடிக்கொண்டாள். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்து அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

சுத்தக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். பதினோரு மாடுகள், தொழுவத் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். கைக்குழந்தை இருக்கும் வீடுகள் அவரிடம்தான் பால் வாங்கின. அதில் அவருக்கு இருந்த கர்வத்தைக் குறை சொல்ல முடியாது. உழைத்துச் சம்பாதித்த கர்வம் அது.

அந்தச் சுத்தத்தில் பாதிக்கு மேல் தங்கையின் கை வேலை. முப்பது வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வந்த அன்றே தொழுவத்துக்குள் போனவள்தான், இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது.

புதிதாக வாங்கும் மாட்டைத் தொழுவத்தில் சேர்ப்பதற்கு அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. மூன்று வாரம் பின்பக்கக் கொட்டகையில் தனியாகக் கட்டுவார்கள். தினமும் காதுமடல், வால் அடி, மடிக்கும் தொடைக்கும் நடுவே என்று தடவித் தடவிப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால்தான் மற்ற மாடுகளோடு சேர்ப்பார்கள். அவருடைய அப்பா போட்ட சட்டம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சினைப் பசுவை வாங்கி வந்த அன்று, அந்தச் சட்டத்தை அவரே மீறினார். நல்ல மழை; பின்பக்கக் கொட்டகை ஒழுகியது. வாசலில் பால் வாங்க வந்தவர்கள் நாலு பேர் நின்று பசுவை மெச்சிக்கொண்டிருந்தார்கள். தங்கை மெல்ல அருகில் வந்து, வாலைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றாள்.

"நான் பார்த்தாச்சு. நான் பார்த்தா போதும்," என்று நாலு பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, பசுவை நேரே தொழுவத்துக்குள் நடத்திக்கொண்டு போனார். அவர் பார்த்தது பல்லையும் மடியையும்தான்.

தங்கைக்குத் துணையாக மனைவியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது நண்பகல். தீனி வைக்கப் போனவர் அந்தச் சினைப் பசுவின் முன்னால் நின்றுவிட்டார். வைத்த தீனி வைத்தபடி இருந்தது. தலை தொங்கியிருந்தது. பசு நின்ற நிலையில் சிறுநீர் விட்டது; கடுங்காபி நிறத்தில் போயிற்று.

உடனே மாட்டு டாக்டருக்குப் போன் போட்டார்.

மாட்டு டாக்டர் பழைய ஆள், அவரை அண்ணே என்று கூப்பிடும் உரிமை உள்ளவர். வந்ததும் பசுவின் கண் இமையைப் புரட்டிப் பார்த்தார், வெளிறிக் கிடந்தது. பிறகு வாலைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமல், இங்கே வாருங்கள் என்று தலையை ஆட்டினார்.

வால் அடியில், தொடை இடுக்கில், ரத்தம் குடித்து ஊதிய உண்ணிகள் ஆமணக்கு விதை போல ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு உண்ணியின் முதுகிலும் ஓடு போல் கெட்டியான தகடு, தலை மாட்டின் தோலுக்குள். பக்கத்து மாட்டின் காதிலும் நாலைந்து.

"உண்ணிக் காய்ச்சல். ரத்தத்தை உடைக்குது, அதான் இந்த நிறம். ஊசி போட்டா பிழைச்சுக்கும்," என்றார் மாட்டு டாக்டர். "ஆனா ஒண்ணு அண்ணே. ரெண்டு மாசத்துல இது நூத்துக்கணக்குல பெருகியிருக்கணும். யாரோ தினம் பொறுக்கியிருக்காங்க. இந்த அஞ்சாறு நாளாத்தான் பொறுக்கல."

அஞ்சாறு நாள். சுத்தக்காரர் தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல் கிடந்தது. அதன் மேல் முழுக்கக் கறுத்துக் காய்ந்த ரத்தத் திட்டுகள். பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, உட்கார்வதற்கு. அவர் எழுந்திருப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அவள் எழுந்துவிடுவாள். வயசாகிறது, தூக்கம் வரவில்லை என்பாள். அவரும் நம்பினார்.

பின்னாலேயே வந்த மாட்டு டாக்டர் கல்லைப் பார்த்தார்.

"நகத்தால நசுக்கியிருக்காங்களா? கையில வெடிப்பு கிடிப்பு இருந்தா அது வழியாவே உள்ள போயிடுமே. யார் பண்ணது?"

"தங்கச்சி."

மாட்டு டாக்டருக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரியும். ஊசி மருந்தைக் குழலில் ஏற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாட்டுக்கு வர்றது வேற, மனுஷங்களுக்கு வர்றது வேற. ஆனா ரெண்டுமே உண்ணியால வரலாம். நீங்க இங்க நிக்காதீங்க, நான் பார்த்துக்கறேன். போய் அவங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க."

வழி நெடுக ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் அவர் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். டாக்டரம்மாவைத் தனியாக அழைத்து, அறைக் கதவைச் சாத்தி, தணிந்த குரலில் சொல்லிவிடலாம். வெளியே தெரிய வேண்டியதில்லை.

வார்டில் நுழைந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டவர் தையல்கடைக்காரர். பக்கத்துக் கட்டிலில் அவருடைய தாயார் இருந்தார். தையல்கடைக்காரரின் பேத்திக்குப் பால் போவது சுத்தக்காரர் வீட்டிலிருந்துதான். அவர் மரியாதையாக எழுந்து வணக்கம் சொன்னார். டாக்டரம்மா நர்சுகள் சூழ, வார்டின் அந்தக் கோடியில் கடைசிக் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். இனி மாலையில்தான் வருவாராம்.

மாலை வரை பொறுத்தால் என்ன? தையல்கடைக்காரரும் அதற்குள் போய்விடுவார். சுத்தக்காரர் அப்படி நினைத்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நினைத்துக்கொண்டே தங்கையின் அருகில் போனார்.

மனைவி நெற்றியில் ஈரத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். எப்போதும் வாய் ஓயாதவள், இன்று அடங்கிய குரலில் பேசினாள். "என்னங்க, மத்தியானத்துல இருந்து உளறுறா. 'அண்ணன் வர்ற நேரமாச்சு, கல்லைக் கழுவணும், கல்லைக் கழுவணும்'னு ஒரே பாட்டு. எந்தக் கல்லுங்க?"

அவர் திரும்பினார். டாக்டரம்மா வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா," என்று அங்கிருந்தே கூப்பிட்டார். மாட்டை அதட்டிப் பழகிய குரல். வார்டே திரும்பிப் பார்த்தது. "காலையில நான் சொன்னது தப்பு. எங்க தொழுவத்துல உண்ணி இருக்கு. ரெண்டு மாசமா இருக்கு. கொண்டு வந்து விட்டவன் நான். எனக்குத் தெரியாம இவ தினம் கையால பொறுக்கி நசுக்கியிருக்கா."

தையல்கடைக்காரர் குனிந்து தாயாரின் போர்வையைச் சரி செய்தார், அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா வேகமாக வந்தார். தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். திரையை இழுத்து மறைத்துவிட்டு நர்சும் அவரும் உடம்பு முழுக்கத் தேடினார்கள். முழங்காலின் பின்பக்கத்தில், சுட்ட புண் மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. உண்ணி கடித்துவிட்டு விழுந்த இடம்.

"மருந்து இருக்கு. சாதாரண மாத்திரைதான்," என்றார் டாக்டரம்மா, வெளியே வந்து. "எதுன்னு தெரியாமத்தான் தடவிக்கிட்டு இருந்தோம். நீங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காம சொன்னீங்களே, அது நல்லது."



தலைமுடிக்குள் தேடுவதுதான் பாக்கி. நர்சுக்கு நாலு கட்டிலில் வேலை. மனைவியின் கண்ணில் புரை. இடுக்கியையும் கையுறையையும் ஸ்பிரிட் ஊற்றிய ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியையும் நர்சு அவரிடமே கொடுத்தாள். இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகக் கூடாது, நசுக்கவே கூடாது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் கட்டில் தலைமாட்டில் நின்று தங்கையின் கூந்தலைப் பிரித்தார். எண்ணெய் காணாத முடி, காய்ச்சல் வேர்வையில் சிக்குப் பிடித்திருந்தது. பெண்களின் தலையைத் தொட்டு அவருக்குப் பழக்கமில்லை. வகிடு வகிடாக, பின்னங்கழுத்திலிருந்து உச்சி வரை, மிக மெல்லத் தேடினார். நிறைய நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

மாத்திரை உள்ளே போன தெம்போ என்னவோ, அவள் விழித்துக்கொண்டாள். "யாரு?"

"நான்தான். அசையாத."

"கல்லைப் பார்த்துட்டியா?" என்றாள்.

"பார்த்தேன்."

"பசு?"

"ஊசி போட்டாச்சு. பிழைச்சுக்கும்." அவர் இன்னொரு வகிடு பிரித்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நாலு பேர் முன்னாடி நான் பார்த்தாச்சுன்னு சொல்லிட்டியே. அப்புறம் நான் எந்த வாயால சொல்றது?"

"வீட்டுக்குள்ள வந்து சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீயே போய் எல்லார்கிட்டயும் சொல்லியிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு." மூச்சு வாங்கியது அவளுக்கு. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "நான் தாலி இழந்து வந்தப்ப, ஊர்ல ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை சொல்ல விட்டியா நீ? வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்ட, யார் வர்றான்னு பார்ப்போம்னு. உன்னை ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல நான் விட்டுருவேனா?"

அவருடைய கை நின்றுவிட்டது. மனைவி எழுந்து, தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிக்கொண்டு நிரம்பியிருந்த கூஜாவை எடுத்துக்கொண்டு போனாள்.

"உசிரு போயிருக்கும்டி," என்றார் அவர். கண்டிப்பாகத்தான் சொல்ல நினைத்தார்.

"போகலையே."

காதுக்குப் பின்னால், முடியின் அடியில், மிளகளவு ஒன்று அகப்பட்டது. அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துப் புட்டிக்குள் போட்டார்.

"மெதுவாண்ணே. நான் ஒண்ணும் மாடில்ல."

"மாடா இருந்தா வாலைத் தூக்கிப் பார்த்திருப்பேன்," என்றார் அவர். சொன்ன பிறகுதான், பார்க்காமல் விட்டது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் தலை வலித்தது போல. ஐயோ என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலும் காய்ச்சல் விடவில்லை. அதற்கு அடுத்த நாள் வேர்த்துக் கொட்டி இறங்கியது. தையல்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்து பால் விஷயத்தை ஆரம்பித்தார். அவர் முடிக்கும் வரை விடாமல் சுத்தக்காரரே, ஒரு மாதத்துக்கு வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், மாட்டு டாக்டர் எல்லா மாட்டையும் பார்த்துச் சரி என்று சொன்னதும் நானே வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றார். மூன்று வீடுகள் ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தன. அதையும் தங்கையிடம் மறைக்கவில்லை. அவள் கண் கலங்கியபோது, பதினோரு மாட்டில் ஒன்றும் சாகவில்லை, நீயும் சாகவில்லை, எனக்குக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அதட்டினார்.

அன்று மாலை தையல்கடைக்காரரின் தாயாரைப் பார்க்க உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒரு அம்மாள் இந்தக் கட்டிலின் மேஜை மேல் இருந்த புட்டியை உற்றுப் பார்த்து, அது என்ன மருந்து என்று விசாரித்தாள். மனைவி சட்டென்று அதன் மேல் துண்டைப் போடப் போனாள்.

சுத்தக்காரர் துண்டை எடுத்து ஓரமாக வைத்தார். புட்டியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"உண்ணி," என்றார். "எங்க தொழுவத்தோடது. உங்க வீட்டுல ஆடு மாடு இருக்கா? காதுக்குள்ள பாருங்க. வாலைத் தூக்கிப் பாருங்க. கையால நசுக்கக் கூடாது, தெரியுதா? கிட்ட வாங்க, நல்லாப் பார்த்துக்குங்க."

"அண்ணி," என்றாள் தங்கை போர்வைக்குள்ளிருந்து, "இனி இந்த ஊர்ல ஒரு மாட்டையும் நிம்மதியா நிக்க விடமாட்டாரு உங்க வீட்டுக்காரர்."